பணம் வேண்டாம், ரேடியோவைக் கேளுங்கள்

கேள்வி: எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கம். தாத்தாவின் வால்வு ரேடியோவை ஒன்றரை வருஷம் முன்பு பாளையங்கோட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் ரிப்பேருக்குக் கொடுத்தேன். 500 ரூபாய் அட்வான்ஸ். ரசீது இல்லை, வாட்ஸ்அப் பேச்சு மட்டும் இருக்கிறது. ‘வால்வு கிடைக்கல’ என்று இழுத்தடித்தவர், இப்போது ‘2,000 ரூவா தாரேன், விட்ருங்க’ என்கிறார். பழைய ரேடியோ சேர்ப்பவர் யாருக்கோ விற்றுவிட்டாரோ என்று சந்தேகம். லைசென்ஸ் இல்லாத ரேடியோவுக்குப் புகார் கொடுத்தால் நமக்கே வம்பு என்றும் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: லைசென்ஸ் பயத்தை முதலில் விடுங்கள். வீட்டு ரேடியோவுக்குத் தபால் ஆபீசில் பணம் கட்டும் முறை 1980-களிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. 1972-ன் தொல்பொருள் சட்டமும் இதுபோன்ற பொருள்களில் குறைந்தது 100 வருஷமானவற்றுக்குத்தான். இந்தியாவில் முறையான ஒலிபரப்பு தொடங்கியதே 1927-ல். தாத்தா பெயரில் பழைய லைசென்ஸ் புத்தகம் பீரோவில் கிடந்தால் பத்திரப்படுத்துங்கள், நல்ல சாட்சி அது.

ரிப்பேருக்குக் கொடுத்த பொருள் உங்களுடையதுதான். வேலை முடிந்ததும், அல்லது அதற்கான காலம் கடந்ததும், கேட்காமலே திருப்பித் தரவேண்டும் என்கிறது 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 160-வது பிரிவு. செய்த வேலைக்குக் கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை உண்டு. வேலையே செய்யாதவருக்கு அது கிடையாது.

அந்த 2,000 ரூபாய்க்குத் தலையாட்டாதீர்கள். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த வீட்டின் பெட்டிக்குக் கடைக்காரர் விலை வைக்க முடியாது, சட்டமும் அதை ஏற்கிறது. பணம் ஈடாகாத பொருளென்றால், அதையே ஒப்படைக்கச் சொல்லிக் கேட்க 1963-ன் குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டம் 8-வது பிரிவு வழி தருகிறது. பணம் ஈடாகாது என்றே கோர்ட் அனுமானிக்கும். ஈடாகும் என்று காட்டவேண்டியது எதிர்த்தரப்பு. விற்றிருந்தாலும், தனக்குச் சொந்தமில்லாததை விற்பவரிடம் வாங்கியவருக்குப் பொதுவாக உரிமை வராது.

ஆகவே முதல் வேலை வக்கீல் நோட்டீஸ். ‘ஒரு பழைய ரேடியோ’ என்று எழுதினால் போதாது. கம்பெனி, மாடல் எண், சேஸிஸ் எண், எத்தனை பேண்டு, மரப்பெட்டியில் எங்கே கீறல் என்று பழைய போட்டோக்களைப் பார்த்து எழுதுங்கள். பெட்டி மட்டும் திரும்பி வந்து, உள்ளே வால்வும் டிரான்ஸ்பார்மரும் மாறியிருந்தால் என்ன பயன்? கொடுத்த உதிரிபாகங்களோடு தரவேண்டும் என்று சேர்த்துக் கேளுங்கள். நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததற்குத் தபால் ஆதாரம் இருக்கட்டும். ஒப்படைத்த பொருளைக் கேட்டு, அவர் மறுத்த நாளிலிருந்து சிவில் வழக்குக்கு 3 வருஷ அவகாசம் ஓடும்.

சேவைக் குறைபாட்டுக்கு நஷ்டஈடு மட்டும் போதுமென்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம் போகலாம். இந்த அளவுத் தொகைக்குக் கட்டணம் கிடையாது. அங்கே கெடு 2 வருஷம். எந்த நாளிலிருந்து என்று எதிர்த்தரப்பு வாதாட இடம் கொடுக்காமல் சீக்கிரம் போடுங்கள்.

போலீஸ்? தாமதம் மட்டும் குற்றமாகாது. விற்றதற்குத் தடயம் கிடைத்தால் அது நம்பிக்கை மோசடி. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 316(2)-ன்படி 5 வருஷம் வரை சிறை. அப்போது தயங்காமல் புகார் கொடுங்கள்.

அதுவரை அவரோடு போனில் சண்டை வேண்டாம். எதையும் வாட்ஸ்அப்பிலேயே கேளுங்கள். அந்த 2,000 ரூபாய்ப் பேச்சும் அதில் எழுத்தில் இருந்தால், ரேடியோ தன்னிடம் வந்ததை அவரே ஒப்புக்கொண்ட மாதிரி. அந்தப் பேச்சை அழிக்காதீர்கள். வழக்கு முடியும்வரை போனையும் மாற்றாதீர்கள்.