ஐந்து மதிப்பெண் தூரத்தில் சி.ஏ. ஃபைனல்

கேள்வி: திருப்பூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். வயது 26. சி.ஏ. ஃபைனலில் இரண்டாவது குரூப் போன வருடமே பாஸ். முதல் குரூப்பை இந்த 2025 மே மாதம் மூன்றாவது முறையாக எழுதினேன். ஏ.எஃப்.எம். (நிதி மேலாண்மை) 61, எஃப்.ஆர். (நிதி அறிக்கை) 46, ஆடிட் (தணிக்கை) 38. இரண்டே மதிப்பெண்ணில் போய்விட்டது. தினமும் செய்கிற வேலையே ஆடிட்தான், அதில் போய் ஃபெயில் ஆனது அவமானமாக இருக்கிறது. செப்டம்பருக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன், ஆனால் ரிசல்ட்டுக்கும் தேர்வுக்கும் நடுவே இரண்டு மாதம்தான். வேலையை விட்டுவிட்டுச் சென்னையில் வேறு கோச்சிங்கில் சேரட்டுமா? அப்பாவோ, "படித்தது போதும், இருக்கிற படிப்புக்கு நல்ல வேலையாகப் பார்" என்கிறார்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் மூன்று மதிப்பெண்களையும் கூட்டிப் பார்த்தேன். 145 வருகிறது. குரூப் தேற ஒவ்வொரு தாளிலும் 40, மூன்றும் சேர்ந்து 150 வேண்டும். ஆடிட்டில் 40 வந்திருந்தாலும் மொத்தம் 147தான், இந்த முறை தேறியிருக்க முடியாது. ஆகவே அந்த இரண்டு மதிப்பெண்ணை நினைத்து மருகுவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த 61. ஒரு தாளில் 60 எடுத்துவிட்டால் அடுத்த மூன்று அட்டெம்ப்ட்டுக்கு அந்தத் தாளை எழுத வேண்டியதில்லை, மதிப்பெண் மட்டும் கூட்டலில் சேரும். அதாவது ஏ.எஃப்.எம். உங்களுக்கு முடிந்துவிட்டது. இனி எஃப்.ஆரும் ஆடிட்டும் சேர்ந்து 89 வேண்டும், ஒவ்வொன்றிலும் 40க்குக் குறையக் கூடாது. இப்போதே 84 வாங்கியிருக்கிறீர்கள். தலா 40 எடுத்தால் போதும் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். 61ஐயும் சேர்த்து 141தான் வரும், இப்படி ஒரு தாளுக்கு விலக்கு (எக்ஸெம்ப்ஷன்) கையில் இருந்தும் பலர் தோற்பது இந்த இடத்தில்தான்.

அப்புறம், அந்த மூன்று அட்டெம்ப்ட் என்பது நீங்கள் எழுதினாலும் எழுதாவிட்டாலும் கழிந்துகொண்டே போகும். 2025இல் ஃபைனலும் வருடத்துக்கு மூன்று முறை என்று ஆகிவிட்டதால், செப்டம்பர், ஜனவரி, 2026 மே ஆகியவைதான் உங்கள் மூன்று. அதனால் செப்டம்பரைத் தவறவிட வேண்டாம் என்பேன். மூன்று தாளுக்கு இரண்டு மாதம் போதாது என்றால் ஒப்புக்கொள்வேன். ஏற்கெனவே மூன்று முறை படித்த இரண்டு தாளுக்குப் போதும்.

இனி ஆடிட். புத்தகத்தைத் திறக்கும் முன் உங்கள் விடைத்தாளைப் பாருங்கள். ரிசல்ட் வந்த 30 நாளுக்குள் ஒரு தாளுக்கு 500 ரூபாய் கட்டினால் தேர்வை நடத்தும் இன்ஸ்டிடியூட் (ஐ.சி.ஏ.ஐ.) நகல் தருகிறது. 100 ரூபாய் கட்டிக் கேட்கிற வெரிஃபிகேஷன் வேறு. அதில் கூட்டலையும், திருத்தாமல் விட்ட பதில் உண்டா என்பதையும்தான் பார்ப்பார்கள், மறுபடி திருத்த மாட்டார்கள். உங்களுக்கு வேண்டியது நகல். வந்ததும் இன்ஸ்டிடியூட் வெளியிட்டிருக்கும் சஜஸ்டட் ஆன்சரை, அதாவது மாதிரி விடையைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு கேள்வியாக ஒப்பிடுங்கள். மனசு கசக்கும், நடுவில் மூடி வைக்கத் தோன்றும். இருந்தாலும் கடைசிப் பக்கம் வரை பாருங்கள்.

அதில் என்ன இருக்கும் என்று என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. ஆடிட் ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கள் ஆபீஸ் வழக்கத்தையே பதிலாக எழுதிவிடுகிறார்கள். உதாரணத்துக்கு, ஒருவர் புதிதாக ஒரு கம்பெனியின் ஆடிட்டை ஏற்கிறார், பழைய ஆடிட்டரிடம் போனில் மட்டும் பேசினார் என்று கேள்வி வருகிறது. "பழைய ஆடிட்டரிடம் என்.ஓ.சி. (ஆட்சேபனை இல்லை என்ற கடிதம்) வாங்கவில்லை, ஆகவே தவறு" என்று எழுதத் தோன்றும், ஏனென்றால் ஆபீஸில் என்.ஓ.சி. வந்ததா என்றுதான் கேட்பார்கள். 1949ஆம் ஆண்டு சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்ஸ் சட்டத்தின் முதல் அட்டவணை, பகுதி ஒன்று, பிரிவு 8 கேட்பது பழைய ஆடிட்டரின் சம்மதத்தை அல்ல, அவருக்கு முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவிப்பதை. பிரிவைச் சொல்லி, அது என்ன கேட்கிறது என்று ஒரு வரி எழுதி, கேள்வியில் உள்ள போன் விஷயத்தை அதோடு பொருத்தி, கடைசியில் நடத்தை விதி மீறல் என்று முடித்தால் மதிப்பெண் முழுதாக வரும். முடிவை மட்டும் சரியாக எழுதினால் ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும்.

ஆடிட்டர் தன் அறிக்கையில் எப்போது மாற்றுக் கருத்துத் தர வேண்டும் என்று சொல்லும் தணிக்கைத் தரநிலை எஸ்.ஏ. 705ம் இதே மாதிரிதான். தவறு பெரியது, கணக்கு முழுக்கப் பரவியிருக்கிறது, அதற்குச் சான்றும் கையில் இருக்கிறது என்றால் அட்வர்ஸ் (கணக்கு சரியில்லை என்ற கருத்து). போதுமான சான்றே கிடைக்கவில்லை, அதன் விளைவு பரவலாக இருக்கக்கூடும் என்றால் டிஸ்க்ளெய்மர் (கருத்தே சொல்ல இயலாது என்பது). இந்த வித்தியாசம் உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். ஏன் இது, ஏன் மற்றொன்று இல்லை என்ற காரணம் விடைத்தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். திருத்துபவர் அதற்குத்தான் மதிப்பெண் போடுகிறார்.

ஆகவே இந்த முறை படிப்பில் பாதி எழுத்தாக இருக்கட்டும். தினமும் இரண்டு ஆடிட் கேள்வியாவது பேனாவால் எழுதி, பிறகு பதிலோடு ஒப்பிடுங்கள். இன்ஸ்டிடியூட் வெளியிடும் மாக் டெஸ்ட்டைத் தேர்வு நேரமான மதியம் இரண்டு மணிக்கே உட்கார்ந்து ஐந்து வரை எழுதிப் பாருங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணி நேரம் கை ஓய்வில்லாமல் எழுத உடம்பும் பழக வேண்டும். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் எம்.சி.க்யூ. கேள்விகளின் 30 மதிப்பெண்ணுக்கு நெகட்டிவ் மார்க் கிடையாது, ஒன்றைக்கூட விடாதீர்கள். இன்ஸ்டிடியூட்டின் திருப்புதல் தாளான ஆர்.டி.பி.யை ஒருமுறை முழுக்கப் பார்த்துவிடுங்கள், புதுத் திருத்தங்கள் அதில் இருக்கும்.

எஃப்.ஆரில் 46 வாங்கியவருக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. கன்சாலிடேஷனையும் (குழும நிறுவனங்களின் கணக்குகளைச் சேர்ப்பது) நிதிக் கருவிகளையும் வாரம் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். விடை தப்பினாலும் ஒர்க்கிங் நோட்டுக்கு மதிப்பெண் உண்டு, அதைத் தெளிவாக எழுதுங்கள்.

புதிய கோச்சிங் வேண்டாம். இன்னொருவர் நோட்ஸை முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் செப்டம்பர் அதிலேயே போய்விடும். வேலையையும் விட வேண்டாம். ஆனால் லீவு கேட்டே ஆக வேண்டும். டாக்ஸ் ஆடிட்டுக்கு வழக்கமான கடைசி நாள் செப்டம்பர் 30, உங்கள் ஆபீஸில் அதற்கு முந்தைய இரண்டு மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இரவு ஒன்பதுக்கு வீடு வந்து படிக்கலாம் என்பது நடக்காது. சாரிடம் உங்கள் மதிப்பெண்ணைக் காட்டி, ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்து தேர்வு முடியும் வரை சம்பளமில்லா லீவாவது கேளுங்கள், தேர்வு முடிந்த மறுநாள் வந்து சீசன் வேலையை முழுமூச்சாகப் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். அவரும் இந்தத் தேர்வை எழுதி வந்தவர்தானே. அவர் அடியோடு மறுத்தால் மட்டும் வேலையை விடுவதைப் பற்றி யோசிக்கலாம்.

இந்த மே மாதம் முதல் குரூப் எழுதியவர்களில் தேறியவர்கள் 22.38 சதவீதம். ஐந்தில் நான்கு பேர் உங்களோடுதான் இருக்கிறார்கள், அவமானப்பட இதில் ஒன்றுமில்லை. அப்பாவுக்கும் இதைச் சொல்லுங்கள். அவர் பயப்படுவது இது முடிவே இல்லாமல் போய்விடுமோ என்றுதான். ஒரு காகிதத்தில் 61, 84, 89 மூன்றையும் எழுதிக் காட்டி, 2026 மே வரை அவகாசம் கேளுங்கள். அதற்குள் முடியாவிட்டால் அந்த 61ஐ நிரந்தரமாக வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது, ஆனால் அப்போது மற்ற இரண்டிலும் தலா 50 எடுக்க வேண்டும். அந்த நிலை வந்தால் முழுநேர வேலைக்கு மாறிக்கொண்டே நிதானமாக எழுதலாம், அப்பா சொல்கிறபடி. இண்டரும் (இடைநிலைத் தேர்வு) ஆர்ட்டிகிள்ஷிப்பும் (ஆடிட்டரிடம் பெறும் பயிற்சி) ஒரு ஃபைனல் குரூப்பும் முடித்தவருக்கு வேலை கிடைப்பது கஷ்டமில்லை. இப்போதைக்கு விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள், 30 நாளில் எத்தனை மீதி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.