போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் சர்வரில் தமிழ்ப் பெயர்களை வைக்க லொகேல் (மொழி, எழுத்து வரிசை பற்றிய அமைப்பு) என்ன கொடுக்க வேண்டும்? தானாக வருவதையே விட்டுவிடலாமா?

விட்டுவிடாதீர்கள். உங்கள் சர்வர் இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். சர்வரை முதன்முதலில் அமைக்கும் இனிட்டிபி கட்டளை ஓடும்போது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் லொகேலை எடுத்துக்கொள்ளும், அது பெரும்பாலும் அமெரிக்க ஆங்கிலமாகத்தான் இருக்கும். டேட்டாபேஸை உருவாக்கிவிட்டால் அப்புறம் அதன் வரிசை லொகேலை மாற்ற வழியில்லை, டம்ப் (முழு நகல்) எடுத்து, டெம்ப்ளேட் ஜீரோ என்ற வெற்று மாதிரியிலிருந்து புதிதாக உருவாக்கி ஏற்ற வேண்டும்.

எங்கள் ஊர் நூலகம் ஒன்றின் உறுப்பினர் பட்டியலை நான் கையில் எடுத்தபோது அது சி லொகேலில் இருந்தது. கணபதி, கணேசன் எல்லாரும் முடிந்த பிறகுதான் கண்ணன் வருவார். அமுதாவுக்கு முன்னால் அன்பரசி, அலமேலுவுக்கு முன்னால் அறிவழகன். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் புள்ளியின் எண் எல்லா உயிர்க்குறிகளுக்கும் பிறகு வருகிறது, ன என்பது ந-வை ஒட்டியும் ற என்பது ர-வை ஒட்டியும் உட்கார்ந்திருக்கின்றன, சி லொகேல் அந்த எண்களை மட்டுமே பார்க்கும். பதிவேட்டில் அகரவரிசையில் தேடியே பழகிய நூலகர் அம்மா இதைக் கேட்டதற்கு, முன்பு மென்பொருள் செய்து கொடுத்தவர்கள் "கம்ப்யூட்டர் அப்படித்தான் அடுக்கும், வேணும்னா பேரை இங்கிலீஷ்ல போடுங்க" என்றிருக்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டதும் கோபம்தான் வந்தது. பெயர் நெடுவரிசைக்கு மட்டும் ஐசியு என்ற மொழி மென்பொருள் தொகுப்பின் தமிழ் கொலேஷனைக் (வரிசை விதியைக்) கொடுத்தேன், கண்ணன், கணபதி, கணேசன் என்று சரியாக வந்துவிட்டது. போஸ்ட்கிரஸ் 10-லிருந்தே இந்த வசதி இருக்கிறது, 15-லிருந்து முழு டேட்டாபேஸுக்கும் ஐசியுவையே வைக்கலாம்.

ஐசியு மெதுவாக இருக்கும் என்று யாராவது வருவார்கள். சி-யை விட மெதுவுதான், அதனால்தான் அடையாள எண், குறியீடு போன்றவற்றை சி-யிலேயே விட்டு, பெயர்களுக்கு மட்டும் ஐசியு கொடுக்கச் சொல்கிறேன். ஆப்பில் அடுக்கிக்கொள்ளலாமே என்பவர்களுக்கு: பக்கம் பக்கமாகக் காட்டும்போது முதல் 50 பேர் யார் என்பதை டேட்டாபேஸ்தான் முடிவு செய்கிறது, அதற்குப் பிறகு ஆப்பில் அடுக்கி என்ன பயன்?

இனிட்டிபிக்கு சி என்று கொடுத்தால் என்கோடிங்கை (எழுத்துகளைச் சேமிக்கும் முறையை) யூடிஎஃப்-8 என்று தனியாகச் சொல்லுங்கள், இல்லையென்றால் எழுத்துகளைச் சரிபார்க்காத எஸ்க்யூஎல் ஆஸ்கி ஆகிவிடும். பிழைச் செய்திகளின் மொழி ஆங்கிலமாகவே இருக்கட்டும், தேடினால் விடை கிடைக்கும், அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றவும் முடியும்.

இன்னொன்று, லினக்ஸின் அடிப்படை மென்பொருள் தொகுப்பான ஜிலிப்சியின் 2018-இல் வந்த 2.28 பதிப்பு வரிசை விதிகளை மாற்றியது. அமெரிக்க ஆங்கில லொகேலை அப்படியே விட்டு டெபியன் லினக்ஸ் 9-லிருந்து 10-க்குப் போனவர்களுக்கு இண்டெக்ஸ் (தேடலுக்கான அட்டவணை) பழைய வரிசையிலேயே நிற்கும், இருக்கிற வரியையே தேடினாலும் கிடைக்காமல் போகலாம், யூனிக் (ஒருமுறைதான் வரலாம்) என்று வைத்த இடத்தில் இரட்டைப் பதிவும் நுழையலாம். ரீஇண்டெக்ஸ் செய்து, அதாவது இண்டெக்ஸை மீண்டும் கட்டியே ஆக வேண்டும். ஐசியு பதிப்பு மாறினாலும் அதே வேலைதான், ஆனால் போஸ்ட்கிரஸ் அந்தப் பதிப்பைக் குறித்து வைத்திருந்து எச்சரிக்கை தரும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டும் கட்டாயம் என்று படிவம் போடுவதை எப்போது நிறுத்தப் போகிறோம்? எங்கள் வீட்டில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது, அப்பாவின் முதலெழுத்துதான். அதைப் பெயருக்கு முன்னாலேயே ஒட்டி வைத்தால் எந்தக் கொலேஷன் கொடுத்தாலும் பட்டியல் அப்பாக்களின் வரிசையில்தான் வரும். இனிஷியலைத் தனி நெடுவரிசையில் வையுங்கள், அது காலியாக இருக்கவும் விடுங்கள்.