அயர்ன்பிரிட்ஜ் ஓட்டச் சுற்று: கேள்விகளும் பதில்களும்

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில், செவர்ன் ஆற்றின் இடுங்கிய பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் ஓடும் சுற்று இது. அயர்ன்பிரிட்ஜ் ஊருக்குப் பெயர் தந்த இரும்புப் பாலத்தின் தென்கரையில், பழைய ரயில் நிலையம் இருந்த இடத்தில் தொடக்கம். பெந்தால் எட்ஜ் காட்டில் ஏறி இறங்கி, பாலத்தைக் கடந்து, லிங்கன் ஹில், கோல்புரூக்டேல், பெட்லம் உலைகள், கோல்போர்ட் வழியாகச் சென்று ஜாக்ஃபீல்டு பக்கமாகத் திரும்பலாம்.

பர்மிங்காமிலிருந்து ஒருவர்: சமதளத்தில் 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓடுகிறேன். இதை ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கலாமா?

அந்தக் கணக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பெந்தால் எட்ஜ் படிகளை நான் இன்றுவரை முழுதாக ஓடி ஏறியதில்லை, நடந்துதான் ஏறுகிறேன். இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். உண்மையில் தொடையை வாங்குவது இறக்கம்தான். ஈர இலைகள் மூடிய படிகளில் பாதம் நிற்காது. குட்டையான அடிகளாக வைத்து இறங்குங்கள்.

லெஸ்டரிலிருந்து ஒருவர்: பார்க்க வேண்டியது பாலம்தானே? ஏன் முதலில் காட்டுக்குள் அனுப்புகிறீர்கள்?

இரும்பு பிறந்த வரிசையில் உங்களை ஓடவைக்கத்தான். அந்தக் காடு ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கம். மரங்களுக்கிடையே தெரியும் குழிகளும் செங்குத்துப் பாறைகளும் மனிதர் வெட்டியவை. கல்லை உற்றுப் பாருங்கள். 40 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கடலின் பவளங்கள் தெரியும். இரும்புத் தாதுவோடு சேர்த்து ஊதுலையில் இட்டால், சுண்ணாம்பு, தாதுவிலுள்ள மண் அழுக்கைப் பிடித்துக்கொண்டு கசடாகப் பிரியும். இந்தக் கல் இல்லாமல் அந்த உலைகள் இல்லை.

கல் குன்றில், நிலக்கரியும் தாதுவும் அதே பள்ளத்தாக்கில், சரக்கை ஏற்றிச் செல்லக் கீழே ஆறு. 1709இல் முதலாம் ஆபிரகாம் டார்பி மரக்கரிக்குப் பதிலாகக் கல்கரியை (காற்றில்லாமல் சுட்ட நிலக்கரியை) கொண்டு இரும்பு உருக்கியது கோல்புரூக்டேலில்தான். அந்தப் பழைய உலையின் இரும்பு விட்டத்தில் 1777 என்று பொறித்திருக்கிறது. அவருடைய பேரன் மூன்றாம் டார்பி உலையைப் பெரிதாக்கிய ஆண்டு அது. அந்தப் பேரன் எழுப்பியதே இந்தப் பாலம். சுண்ணாம்புக் குன்றில் மூச்சிரைத்த பிறகு பாலத்தில் கால் வையுங்கள்; அது வேறு பாலமாகத் தெரியும்.

கோவென்ட்ரியிலிருந்து ஒருவர்: பாலத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

மேலே ஓடிக் கடந்துவிடாதீர்கள். ஆற்றங்கரைக்கு இறங்கி அடியிலிருந்து பாருங்கள். 1779இல் எழுப்பி, 1781 புத்தாண்டு நாளில் திறந்தார்கள். 378 டன் வார்ப்பிரும்பு, சுமார் 30 மீட்டர் வளைவு. வார்ப்பிரும்பில் இவ்வளவு பெரிய பாலம் கட்டுவது அப்போது புதிது என்பதால், தச்சர் மரத்தைப் பூட்டுவதுபோல் கழுந்தும் துளையும் ஆப்புமாகப் பூட்டினார்கள். அந்த இணைப்புகளைத் தேடிப் பார்ப்பதற்காகவே நான் ஒவ்வொரு முறையும் கடிகாரத்தை நிறுத்துகிறேன்.

டெல்ஃபோர்டிலிருந்து ஒருவர்: கோல்போர்ட்டில் நேராக மேலேறும் அந்தச் சரிவு என்ன?

ஹே சாய்தளம். மேலிருந்த கால்வாய்க்கும் ஆற்றங்கரைக் கால்வாய்க்கும் இடையே 63 மீட்டர் உயரம். தொட்டிபோன்ற சிறு படகுகளைத் தண்டவாளத்தில் ஏற்றி இறக்கினார்கள். இறங்கும் படகின் எடையே ஏறுவதை இழுத்தது. மேல்முனை பிளிஸ்ட்ஸ் ஹில் அருங்காட்சியகத்துக்குள் இருப்பதால் டிக்கெட் வேண்டும். அடிவாரத்தைப் பார்த்துவிட்டு, 1922இல் கட்டிய போர் நினைவு நடைபாலத்தில் தென்கரைக்குத் திரும்புங்கள்.

வுல்வர்ஹாம்ப்டனிலிருந்து ஒருவர்: ஜாக்ஃபீல்டு பாதை சமதளம்தானே? அங்கே வேகம் கூட்டலாமா?

கூட்டலாம், பழைய ரயில் தடம் அது. ஆனால் இந்த மண் இன்னும் அடங்கவில்லை. 1952இல் ஜாக்ஃபீல்டில் நிலம் சரிந்து வீடுகளும் ரயில் பாதையும் ஆற்றை நோக்கிப் போயின. பாதை மூடல் பலகை இருந்தால் தாண்டிப் போகாதீர்கள்.

அதே அன்பர்: எந்த மாதம் வரலாம்?

ஏப்ரல் கடைசி, மே. காடெங்கும் காட்டுப் பூண்டு வெள்ளையாகப் பூத்து, வாசனை நெடுந்தூரம் கூடவே வரும். குளிர்காலமானால் கிளம்புமுன் செவர்ன் வெள்ள எச்சரிக்கையைப் பாருங்கள். வடகரைச் சாலை நீரில் மூழ்குவதுண்டு. ஆழமான பிடிப்புள்ள காலணி எந்த மாதமும் வேண்டும்.