மஸ்கட்டுக்கு மூன்று நாள் போகிறேன். துபாய் மாதிரி பார்க்க அங்கே ஏதாவது இருக்கிறதா?

இரண்டு வருடம் முன்பு ஒரு ஜனவரியில், அங்கே வேலை பார்க்கும் அண்ணன் வீட்டில் பத்து நாள் தங்கி ஊரைச் சுற்றினேன். துபாய் மாதிரி உயரமான கட்டடங்களைத் தேடினால் கிடைக்காது. வெள்ளையும் சந்தன நிறமுமாகத் தாழ்வான வீடுகள்தான். அப்படித்தான் கட்ட வேண்டும் என்று விதிமுறையே வைத்திருக்கிறார்கள். உங்கள் மூன்று நாளில் இரண்டு காலையையாவது பழைய துறைமுகத்துக்கு ஒதுக்குங்கள்.

இன்றைய மஸ்கட் கடலோரமாக நீண்டு கிடக்கும் பெரிய நகரம். பழைய மஸ்கட் அதன் கிழக்குக் கோடியில் இருக்கும் கையகல ஊர். மூன்று பக்கமும் புல் பூண்டு முளைக்காத கரும்பழுப்புப் பாறை, ஒரு பக்கம் கடல். இந்த இடத்துக்காக ஏன் அவ்வளவு சண்டை என்று அங்கே நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. பாறைகளுக்கு நடுவே ஒதுங்கிவிட்டால் கப்பலுக்குக் காற்றும் அலையும் பயமில்லை. காவலுக்கு எதிரெதிரே இரண்டு கோட்டை போதும். 1507இல் அல்புகெர்க் தலைமையில் வந்த போர்ச்சுகீசியர்கள் ஊரைக் கொளுத்திப் பிடித்தார்கள். ஜலாலி, மிரானி என்ற அந்த இரண்டு கோட்டைகளும் 1580களில் அவர்கள் கட்டி முடித்தவை. 1650இல் ஓமானை ஆண்ட இமாம் சுல்தான் பின் சைஃப் அவர்களை விரட்டினார்.

கோட்டைகளுக்கு நடுவில் அல் ஆலம் அரண்மனை. உள்ளே விட மாட்டார்கள், வெளியிலிருந்து படம் எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் துறைமுகப் பாறைகளைப் பாருங்கள். வந்துபோன கப்பல்களின் மாலுமிகள் தங்கள் கப்பல் பெயரைப் பெயின்டால் அங்கே எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். சில எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் எழுபதைத் தாண்டிய ஓமானி. இந்தி சரளமாகப் பேசுவார். அந்தத் தலைமுறையில் பலர் அப்படி. 1970 வரை அங்கே புழங்கியது நம் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்று அச்சிட்ட ரூபாய். இப்போதும் ஒரு ரியாலுக்கு ஆயிரம் பைசா என்றுதான் கணக்கு. சுல்தான் காபூஸ் பதவிக்கு வரும்வரை இரவானால் நகர வாசலைப் பூட்டிவிடுவார்களாம். வாசலைப் பூட்டிய பிறகு தெருவில் நடக்கிறவர் கையில் விளக்கு இருந்தாக வேண்டுமாம். சின்ன வயதில் அப்பாவுக்கு முன்னால் அரிக்கேன் தூக்கிக்கொண்டு நடந்ததை அவர் கையை உயர்த்திக் காட்டினார்.

பழைய மஸ்கட்டிலிருந்து சில கிலோமீட்டரில் மத்ரா. காலையில் மீன் சந்தை, மாலையில் சூக் என்கிற பழைய கடைவீதி. அங்கே சாம்பிராணி வாங்காமல் வராதீர்கள். நம் ஊரில் கிடைக்கும் கட்டிச் சாம்பிராணி வேறு. இது தெற்கே தோஃபார் பகுதியின் வறண்ட மலைகளில், மரப்பட்டையைச் சீவிவிட்டு வடியும் பாலைக் காயவைத்து எடுப்பது, லுபான் என்பார்கள். கிறிஸ்து பிறப்புக் கதையில் ஞானிகள் கொண்டுவந்த தூபவர்க்கம் இதுதான். கடைக்காரர் மஞ்சள் கட்டிகளை ஒதுக்கிவிட்டு, லேசாகப் பச்சை ஓடிய ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். உள்ளே கண்ணாடி மாதிரி இருந்தது. கங்கில் போட்டதும் முதலில் எலுமிச்சைத் தோல் வாசம், கொஞ்சம் பொறுத்துத்தான் கோயில் வாசம். அந்த வகையை ஹோஜாரி என்று கேட்டு வாங்குங்கள். பேரம் பேசலாம்.

சூக்கை ஒட்டி லவாத்தியா என்ற வணிகச் சமூகத்தினரின் மதில் சூழ்ந்த குடியிருப்பு இருக்கிறது. வெளியார் உள்ளே போகக் கூடாது, வாசலோடு திரும்பிவிடுங்கள்.

சுல்தான் காபூஸ் பெரிய மசூதி நகரின் மறுபக்கம். முஸ்லிம் அல்லாதவர்களுக்குக் காலை 8 முதல் 11 வரைதான் அனுமதி, வெள்ளிக்கிழமை கிடையாது. இது தெரியாமல் வெள்ளியன்று போய்த் திரும்பி வந்தோம். பெண்கள் தலை, கை, கால் மறைய உடுத்த வேண்டும். தொழுகைக் கூடத்தில் விரித்திருப்பது 21 டன் எடையுள்ள ஒரே கம்பளம்; ஈரானியப் பெண்கள் கையால் முடிச்சுப் போட்டு நெய்தது.

நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போய்வாருங்கள். கோடையில் அந்தப் பாறைகள் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவில் அனலாகக் கக்கும். மின்விசிறி வருவதற்கு முன் அந்த வீட்டுக்காரர் குடும்பம் மொட்டைமாடியில் ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குமாம். துணி காய்ந்ததும் எழுந்து மறுபடி நனைத்துக்கொள்வார்களாம்.