வியர்த்த பைக்குள் என்ன நடக்கிறது?

கேள்வி: ஆடிப் பட்டத்து மல்லாட்டைக்காக (நிலக்கடலை) சித்திரையிலேயே 10 கிலோ ரைசோபியம் (வேர்முடிச்சு நுண்ணுயிர் உரம்) குருணை வாங்கி, அஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் வைத்தேன். இப்போது பையின் உள்பக்கம் முத்துமுத்தாகத் தண்ணீர். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டிரம்முக்கு மாற்றிவிடட்டுமா?
– வாசகர், அணைக்கட்டு

பதில்: வேண்டாம் ஐயா. பைக்குள் இருப்பது யூரியா இல்லை, உயிர். அதற்கு மூச்சு விட வேண்டும், ஈரமும் போகக் கூடாது. மெல்லிய பாலித்தீன் இரண்டையும் ஓரளவு பார்த்துக்கொள்ளும், டிரம் பார்க்காது. பையை முழுக்க நிரப்பாமல் மேலே கொஞ்சம் காலியாக விடுவதும் இதற்காகத்தான். எடையில் ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் பார்த்த முத்துகள் குருணையின் சொந்த ஈரம். பகல் சூட்டில் வெளியேறி, இரவில் பையில் படிந்து சொட்டுகிறது. மேல் குருணை காய்ந்து, அடிக் குருணை சொதசொதவென்று ஆகிவிடும், பூஞ்சைக்கு விருந்து.

ஈரத்தின் அருமையை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். உயிர் உரக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நுண்ணுயிரைத் தாங்கி வைக்கும் பழுப்பு நிலக்கரித் தூளில் சுண்ணாம்புத் தூள் கலந்து புளிப்பை முறித்து, நுண்ணுயிர்க் கரைசலை விட்டுப் பிசைவோம். கைப்பிடி எடுத்து அமுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. பிசைய எளிதாக இருக்கட்டும் என்று ஒருநாள் கரைசலைத் தாராளமாக விட்டேன். சில வாரங்களில் பொட்டலமெல்லாம் நனைந்த கோணி நாற்றம். அத்தனையும் எருக்குழிக்குப் போனது.

உங்கள் பையை முகர்ந்து பாருங்கள். அழுகல் வாடையோ பூஞ்சையின் வெண்ணூலோ இருந்தால் எருக்குழிதான். புதுமண் வாசனை அடித்தாலும் முழுதாக நம்பாதீர்கள். கிராமுக்கு 5 கோடி இருக்க வேண்டிய உயிரில், கத்திரி வெயிலைத் தகரம்போல் காயும் கூரையடியில் தாங்கியது எவ்வளவு என்று கண்ணால் சொல்ல முடியாது. அதைத் தொழு உரத்தோடு கலந்து சாலில் போடுங்கள். விதைக்குப் புதிதாக 200 கிராம் பொட்டலம் வாங்கி, ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்துப் பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி விதையுங்கள்.

இனி பையை வீட்டுக்குள், பூச்சிமருந்துக்கும் யூரியாவுக்கும் எட்ட வையுங்கள். அகன்ற தொட்டியில் ஈர மணல் பரப்பி, நடுவே மண்பானையை இறக்கி, பிரிக்காத பையை அதில் வைத்து ஈரச் சாக்கால் மூடலாம். நம் வேலூர் வறட்டு வெயிலுக்கு இது நன்றாகவே குளிரும். வாங்குவதை ஆனி கடைசிக்குத் தள்ளுங்கள். கடைக்காரர் வெயில் விழும் வாசல் அடுக்கிலிருந்து எடுத்துத் தந்தால், உள்ளே இருப்பதைக் கேளுங்கள்.