பட்டமும் பந்தும்: அமெரிக்கக் கல்லூரி சாக்கர் பற்றிக் கேள்வி பதில்

பென்சில்வேனியாவில் ஒரு சின்னக் கல்லூரியில் பதினோரு வருடமாக சாக்கர், அதாவது நம் கால்பந்து, அணிக்கு உதவிக் கோச்சாக இருக்கிறேன். என் இரண்டு பையன்களும் கல்லூரியில் ஆடினார்கள். ஒருத்தனுக்கு நல்லபடியாக அமைந்தது, இன்னொருத்தனுக்கு அமையவில்லை. நம் ஆட்கள் என்னிடம் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

டாலஸிலிருந்து ஓர் அப்பா: பையன் பத்தாவது. யூடி ஆஸ்டினில் (டெக்சஸ் பல்கலைக்கழகம்) கம்ப்யூட்டர் சயின்ஸ், கூடவே சாக்கர். கோச்சுக்கு எப்போது எழுதலாம்?

எழுதுவதற்கு அங்கே கோச்சே இல்லை சார். ஆஸ்டினில் பெண்களுக்குத்தான் வர்சிட்டி சாக்கர், அதாவது கல்லூரியின் அதிகாரபூர்வ அணி; ஆண்களுக்குக் கிடையாது. பர்டூ, இலினாய் அர்பானா-ஷாம்பெய்ன், டெக்சஸ் ஏ அண்ட் எம் என்று நம் வீடுகளில் மந்திரம் மாதிரிச் சொல்லும் பெயர்கள் பலவற்றிலும் இதே நிலைமைதான். விளையாட்டிலும் ஆண் பெண் இரு பாலருக்கும் சம வாய்ப்பு வேண்டும் என்பது 1972இல் வந்த டைட்டில் நைன் சட்டம். அமெரிக்கன் ஃபுட்பால் அணி ஒன்றே நூறு பேரை விழுங்கிவிடும். ஆண்களின் பங்கு அதிலேயே கரைந்துபோனால் சாக்கருக்கு எங்கே இடம்?

மாணவர்களே நடத்தும் கிளப் அணி உண்டு. உதவித்தொகை வராது, ஆனால் ஆட்டம் மட்டமாக இருக்காது. படிப்புக்கு ஆஸ்டின்தான் என்று முடிவானால் கிளப்பில் ஆடட்டும். டிவிஷன் ஒன்று என்னும் முதல் நிலைப் போட்டிதான் முக்கியம் என்றால் உங்கள் ஊரிலேயே எஸ்எம்யூ பல்கலைக்கழகம் இருக்கிறது.

நியூஜெர்சியிலிருந்து ஓர் அம்மா: இவனுக்கு ஃபுல் ஸ்காலர்ஷிப் நிச்சயம் என்று எங்கள் கிளப் கோச் சொல்கிறார். நம்பலாமா?

அந்தக் கிளப்புக்கு வருடம் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்கவில்லை. கணக்கை மட்டும் சொல்கிறேன். 2024-25 வரை டிவிஷன் ஒன்றில் ஓர் ஆண்கள் அணிக்கு மொத்தமே 9.9 ஸ்காலர்ஷிப். அதை இருபத்தைந்து முப்பது பேருக்குப் பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பார்கள். 2025-26 முதல், ஆட்டக்காரர்களுக்குக் கல்லூரியே பணம் தரலாம் என்ற நீதிமன்ற உடன்பாட்டை ஏற்ற கல்லூரிகளுக்கு அந்த உச்சவரம்பு போய், அணியில் 28 பேர்தான் என்ற வரம்பு வந்திருக்கிறது. 28 பேருக்கும் கொடுக்கலாம், கொடுத்தே ஆகவேண்டும் என்பதில்லை. டிரைஅவுட் என்னும் தேர்வு ஆட்டத்தில் ஜெயித்துக் கடைசி ஆளாக அணிக்குள் நுழைவதும் அங்கே கஷ்டமாகிவிட்டது. ஹார்வர்டு, யேல் எல்லாம் இருக்கும் ஐவி லீக்கில் விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூடத் தரமாட்டார்கள். குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி.

டிவிஷன் த்ரீ என்றால் மூன்றாம் தரம்தானே?

இந்தக் கேள்வி வராத வாரமில்லை. அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப் இல்லை, அவ்வளவுதான். எம்ஐடி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ், எமரி, சிகாகோ எல்லாம் டிவிஷன் த்ரீதான். டஃப்ட்ஸ் 2014, 2016, 2018, 2019 என நான்கு முறை தேசியக் கோப்பை வாங்கியது. 2022இல் சிகாகோ வாங்கியபோது கோச் ஜூலியான் சிட்ச். ஆண்கள் சாக்கர் அணியோடு, கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் கோப்பையை வென்ற முதல் பெண் கோச் அவர்தான்.

இங்கே பணம் வேறு வழியில் வரும். மதிப்பெண்ணுக்கும் வருமானத்துக்கும் கிடைக்கும் உதவி, டிவிஷன் ஒன்று போடும் துண்டு ஸ்காலர்ஷிப்பைவிடப் பெரிதாக இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். பதினொன்றாவது முடிந்ததும் கோச் பையனுடைய மதிப்பெண்களை அட்மிஷன் அலுவலகத்துக்கு அனுப்பி, 'இவன் தேறுவானா' என்று கேட்பார். ப்ரீ-ரீட் என்பார்கள். சாதகமான பதில் வந்தால் எர்லி டிசிஷனில், அதாவது முன்கூட்டியே ஒரே கல்லூரிக்கு, விண்ணப்பம் போடச் சொல்வார். அதில் இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆகவேண்டும். ஆகவே கல்லூரி இணையதளத்தில் இருக்கும் செலவுக் கணிப்பானில் உங்கள் வருமானத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் தலையாட்டுங்கள்.

அட்லாண்டாவிலிருந்து: இவன் உண்மையிலேயே ஆடுவானா, பெஞ்சில்தான் இருப்பானா என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

தரவரிசைப் பட்டியலை மூடிவையுங்கள். அணியின் ரோஸ்டர் (ஆட்டக்காரர் பட்டியல்) பக்கத்தைத் திறந்து, இந்த வருடத்தோடு முந்தைய மூன்று வருடங்களையும் எடுத்து, ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று வருடம் முன்பு முதலாமாண்டில் சேர்ந்தவர்களில் இன்று எத்தனை பேர் மிச்சம்? பத்துப் பேர் வந்து மூன்று பேர்தான் நிற்கிறார்கள் என்றால், மற்ற ஏழு பேர் எங்கே என்று கோச்சிடம் கேளுங்கள். அவர் பதிலைவிட, பதில் சொல்லும்போது முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

அடுத்து உங்கள் பையனின் இடம். அவன் லெஃப்ட் பேக் என்றால் அங்கே இப்போது யார், எந்த வருடம்? முதலாமாண்டுப் பையன் எல்லா ஆட்டத்திலும் தொடங்குகிறான் என்றால் உங்களவன் மூன்று வருடம் தண்ணீர் பாட்டில் தூக்கவேண்டியிருக்கும். பிறகு ஊர்ப் பெயர்கள். டிவிஷன் ஒன்றில் பல அணிகள் ஜெர்மனி, நார்வே, ஸ்பெயினிலிருந்து இருபது இருபத்தொரு வயது ஆட்களை எடுக்கின்றன. கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வேறு கல்லூரியில் இரண்டு வருடம் ஆடித் தேர்ந்தவனும் வருவான். பள்ளியிலிருந்து நேரே வரும் பதினெட்டு வயதுப் பையன் அவர்களோடு மோதவேண்டும்.

கடைசியாக, ஒவ்வொருவரும் எந்த மேஜர் (முக்கியப் பாடம்) படிக்கிறார்கள் என்று பாருங்கள். சில கல்லூரிகள் ரோஸ்டரிலேயே போடும். முப்பது பேரில் ஒரு இஞ்சினியரிங்கூட இல்லையென்றால் அதற்குக் காரணம் இருக்கும். பெரும்பாலும் மதிய லேபும் பயிற்சியும் ஒரே நேரத்தில் வரும்.

ப்ரீ-மெட் (மருத்துவத்துக்கு முந்தைய படிப்பு) படித்துக்கொண்டே ஆட முடியுமா?

முடியும், தூக்கம்தான் குறையும். சீசனில் வாரம் அதிகபட்சம் 20 மணி நேரம் என்பது டிவிஷன் ஒன்றுக்கு என்சிஏஏ விதி, பஸ்ஸில் போகும் நேரம் அதில் சேராது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் வரை வாரம் இரண்டு ஆட்டம். எங்கள் அணியில் ஒருவன் இரவு பதினொன்றரைக்குப் பஸ்ஸில் ஹெட்லேம்ப் மாட்டிக்கொண்டு ஆர்கானிக் கெமிஸ்ட்ரி எழுதுவான், பக்கத்து சீட்காரன் திட்டிக்கொண்டே தூங்குவான். பயணத் தூரத்தையும் பாருங்கள். கலிஃபோர்னியாவில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டு 2024 முதல் ஏசிசி என்ற கான்ஃபரன்ஸில் (கல்லூரிகளின் போட்டிக் குழு) ஆடுகிறது, எதிரணிகள் பாதிப்பேர் கிழக்குக் கரையில். எமரியும் நியூயார்க் யூனிவர்சிட்டியும் சிகாகோவும் ஒரே கான்ஃபரன்ஸ். டிவிஷன் த்ரீயானாலும் விமானம்தான்.

கோச்சிடமிருந்து மெயில் வந்திருக்கிறது! முகாமுக்கு அழைக்கிறார்.

பையன் பெயரும் அவன் ஆடிய ஆட்டம் ஏதாவதும் அதில் இருக்கிறதா? இல்லையென்றால் அது முகாம் விளம்பரம். டிவிஷன் ஒன்று கோச்சுகள் பத்தாவது முடிந்து ஜூன் 15க்குப் பிறகுதான் பையனை நேரடியாகத் தொடர்புகொள்ளலாம். உண்மையிலேயே வேண்டுமென்றால் போன் வரும்.

கோச்சைப் பிடித்துவிட்டது. அதற்காகவே சேரலாமா?

என் பெரியவன் அப்படித்தான் சேர்ந்தான். அவனை எடுத்த கோச், இவன் பெட்டி கட்டும் முன்பே வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். புதியவருக்கு இவன் ஆட்டம் பிடிக்கவில்லை. இரண்டாம் வருடத்தோடு பந்தை விட்டான். படிப்பும் ஊரும் அவனுக்குப் பிடித்திருந்ததால் அங்கேயே பட்டம் வாங்கினான். எந்தக் கல்லூரியைப் பார்க்கப் போனாலும், 'முழங்கால் அடிபட்டு ஆட முடியாமல் போனாலும் இங்கே இருப்பாயா' என்று பையனிடம் கேட்டுவிடுங்கள்.

பதினொன்றாவது படிக்கும் தம்பி: அண்ணா, கோச்சுக்கு அப்பா எழுதிக் கொடுக்கிறேன் என்கிறார். பரவாயில்லையா?

வேண்டாம் தம்பி, நீயே எழுது. அப்பா எழுதியது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். பட்டம் வாங்கும் வருடம், ஆடும் இடம், ஜிபிஏ (சராசரி மதிப்பெண்), அடுத்த மூன்று ஆட்டங்கள் எங்கே எப்போது, மூன்று நிமிட வீடியோ. வீடியோவில் நீ யார் என்று அம்புக்குறி போடு. கோலாக அடுக்காதே. பந்தைப் பறிகொடுத்த அடுத்த ஐந்து நொடியில் நீ என்ன செய்கிறாய் என்று காட்டும் ஒரு துண்டையும் சேர். நான் முதலில் அதைத்தான் தேடுவேன்.