கீஸ்லோவ்ஸ்கியின் கடவுள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கி பைபிளின் பத்துக் கட்டளைகளை வைத்து எடுத்த ‘டெக்கலாக்’ பத்துப் படங்களையும் பார்த்து முடித்தேன். முதல் படத்திலேயே மனம் சிக்கி நிற்கிறது. உறைந்த ஏரியில் சறுக்கப்போன சிறுவன் பனி உடைந்து இறக்கிறான். கணிப்பொறியை நம்பிய தந்தைக்குக் கடவுள் கொடுத்த தண்டனையா அந்தச் சிறுவனின் சாவு? அப்படியென்றால் அது பிரசங்கம்தானே? ஆனால் கீஸ்லோவ்ஸ்கி சர்ச் அமைப்பையும் அரசையும் நம்பாதவர், ஆவணப்படத்தையே வெறுத்து விலகியவர் என்றும் படித்தேன். இதெல்லாம் எப்படி ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கிறது?

ம.

அன்புள்ள ம.,

தண்டனை என்று வாசிக்க அந்தப் படம் இடம் தரவில்லை. தந்தை செய்வதை வரிசையாகப் பாருங்கள். கடந்த நாட்களின் வெப்பநிலையை வானிலை நிலையத்தில் கேட்டு வாங்கி, ஏரிப்பனி எவ்வளவு எடை தாங்கும் என்று தந்தையும் மகனும் கணிப்பொறியில் கணக்குப் போடுகிறார்கள். அதோடு விடாமல் இரவில் தந்தையே ஏரிக்குப் போய்ப் பனிமேல் நடந்து சோதிக்கிறார். பொறுப்பான ஒரு தகப்பன் இதற்குமேல் என்ன செய்துவிட முடியும்? அப்படியும் பனி உடைகிறது. ஏன் உடைந்தது என்று படம் கடைசிவரை சொல்வதில்லை. காரணம் சொல்லியிருந்தால் அது விபத்து அறிக்கை. கடவுளின் கோபம் என்று காட்டியிருந்தால் நீங்கள் சொல்லும் பிரசங்கம். துயரத்துக்கு விளக்கம் கொடுத்து அதை ஆற்றிவிட கீஸ்லோவ்ஸ்கி மறுக்கிறார்.

சர்ச் காட்சியை மறுபடி பாருங்கள். இன்னும் கட்டி முடியாத சர்ச்சில் தந்தை பீடத்தைத் தள்ளிவிடுகிறார். மெழுகுவர்த்தி சரிந்து, போலந்துக்காரர்கள் வணங்கும் செஸ்டோகோவா மாதாவின் ஓவியத்தில் மெழுகு கன்னத்தில் வழிகிறது. மாதா அழுகிறாள். வழிவது மெழுகுதான் என்பதையும் நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். நம்புகிறவருக்கும் நம்பாதவருக்கும் ஒரே பிம்பம். எந்தப் பக்கமும் சாய்க்காமல் விட்டிருக்கிறார். அடுத்து தந்தை தீர்த்தத் தொட்டியில் உறைந்திருக்கும் நீரை எடுத்து நெற்றியில் அழுத்திக்கொள்கிறார். மகனைக் கொன்றதும் பனிக்கட்டிதான். உலக சினிமாவில் பிரார்த்தனைக்கு இதைவிட நேர்மையான காட்சி எனக்குத் தெரியாது.

ஆவணப்படத்தை கீஸ்லோவ்ஸ்கி வெறுக்கவில்லை. பயந்தார். 1980இல் வார்சா மத்திய ரயில் நிலையத்தில் பயணிகளைப் படம்பிடித்துவந்த நாட்களில் போலீஸ் நெகட்டிவ்களை அள்ளிக்கொண்டு போனது. ஒரு பெண் தன் தாயைக் கொன்று, உடலைப் பெட்டிகளில் அடைத்து, அந்த நிலையத்தின் லாக்கர்களில் வைத்திருந்தாள். அவள் படத்தில் பதிவாகியிருக்கிறாளா என்று தேடினார்கள். பதிவாகவில்லை. தற்செயலாகப் பதிவாகியிருந்தால் தான் போலீஸின் கையாளாகியிருப்போமே என்ற எண்ணம் அவரை விடவில்லை. படம் எடுப்பது மட்டும்தான் அவர் கையில் இருந்தது. அது யார் கைக்குப் போகும் என்பது இல்லை. இன்னொன்று, பிறருடைய நிஜக் கண்ணீரைப் படம்பிடிக்கத் தனக்கு உரிமை உண்டா என்ற உறுத்தல். கதைப்படத்தில் நடிகரின் கண்ணில் கிளிசரின் விட்டால் போதும், யாருடைய துக்கத்தையும் திருட வேண்டியதில்லை.

நீதிமன்ற அனுபவம் இதைவிட முக்கியம். 1981 டிசம்பரில் போலந்தில் ராணுவச் சட்டம் வந்தது. சுவரில் எழுதியவர்களும் தலைமறைவுப் பத்திரிகை வைத்திருந்தவர்களும் சிறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த வழக்குகளைப் படமாக்க 1982இல் அனுமதி வாங்கினார். கேமரா இருக்கும் அறையில் நீதிபதிகள் தண்டனை கொடுக்கவில்லை. அநியாயத் தீர்ப்பு சொல்லும் தங்கள் முகம் பதிவாவதை அவர்கள் விரும்பவில்லை. விஷயம் புரிந்ததும் வக்கீல்கள் அவரை வழக்குக்கு வழக்கு கூப்பிட ஆரம்பித்தார்கள். இன்னொரு கேமராவை ஃபிலிம் போடாமலேயே கொண்டுபோய் நிறுத்தினார். ஆவணப்படம் கிடைக்கவில்லை. கிடைத்தவர் வக்கீல் பியேஸியேவிச். பிறகு வந்த திரைக்கதைகளை இருவரும் சேர்ந்தே எழுதினார்கள். 1985இல் வந்த முதல் கூட்டுப் படத்தை அரசு, எதிர்த்தரப்பு, சர்ச் மூன்றும் தாக்கின.

அந்த நீதிமன்றங்களின் கசப்பு டெக்கலாக்கின் ஐந்தாம் படத்தில் இருக்கிறது. அதன் நீண்ட திரையரங்க வடிவத்தில் டாக்சி ஓட்டுநரின் கொலை ஏறக்குறைய ஏழு நிமிடம், கொன்றவனைத் தூக்கிலிடுவது ஐந்து நிமிடம். தூக்குமேடையின் கப்பி சோதிக்கப்படுகிறது. கழிவு விழுவதற்காகக் கீழே ஒரு தட்டு வைக்கப்படுகிறது. அரசு செய்யும் கொலையில் ஆத்திரம் இல்லை, அலுவலக ஒழுங்குதான் இருக்கிறது. ஒளிப்பதிவாளர் இட்ஸியாக் பச்சை ஃபில்டர்களால் பிரேமின் ஓரங்களை இருட்டாக்கியிருப்பதைக் கவனியுங்கள். வசந்தத்தின் நிறம் இங்கே நகரத்தை அழுகவைக்கிறது. திரையரங்க வடிவம் வெளியான 1988க்குப் பிறகு போலந்தில் யாரும் தூக்கிலிடப்படவில்லை. அது படத்தால் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

சர்ச் விஷயத்துக்கு எட்டாம் படத்தைப் பாருங்கள். 1943இல் ஒரு யூதக் குழந்தைக்கு அடைக்கலம் மறுக்கிறார்கள். அந்தக் குழந்தை ஞானஸ்நானம் பெற்றதாகப் பொய்சாட்சி சொல்லக்கூடாது என்ற கட்டளைதான் சொல்லப்பட்ட காரணம். உண்மைக் காரணம், அடைக்கலம் தரவிருந்த குடும்பம் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் ஆட்கள் என்று நாஜி எதிர்ப்புத் தலைமறைவு இயக்கத்துக்கு வந்த தகவல். அந்தத் தகவலும் தவறு. கட்டளையைச் சாக்காகப் பிடித்ததையும், நல்ல நோக்கமுள்ள இயக்கம் பிழை செய்ததையும் அவர் பூசிமெழுகவில்லை. அதே ஆள்தான் முதல் படத்தில், கடவுளைப் பற்றிக் கேட்கும் சிறுவனை அத்தை கட்டிக்கொள்ளும் காட்சியை எடுத்தார். இதில்தான் இருக்கிறார் என்கிறாள் அவள். கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவில் ஆள் தேவையில்லை என்று நினைத்தவர் அவர். முரண்பாடாக எனக்குத் தோன்றவில்லை.

மறுபடி பார்ப்பதானால் இரண்டாவதை முடித்த கையோடு எட்டாவதைப் பாருங்கள். எட்டாவதில் வகுப்பறையில் ஒரு மாணவி சொல்லும் சிக்கல் இரண்டாவதின் கதைதான். அதற்குப் பேராசிரியை சொல்லும் பதிலோடு, 1943இல் அந்தக் குழந்தை விஷயத்தில் அவரே எடுத்த முடிவை வைத்துப் பாருங்கள்.

அன்புடன்.